நந்தியாவட்டைக்கு ஞாயிறு விடுமுறை

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி ஒன்று. புது நோட்டு. இதில் ஆய்வு சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுவதாக ஷாஹிரா மேடத்திடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். மேடம் என் ஆய்வு நெறியாளர். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிடப் பத்து மடங்கு கறார். “சார், உங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. அதனாலதான் தப்பு வருது. பாத்தது பாத்த உடனே எழுதிடுங்க” என்றார். அது பாராட்டா என்று மயிலாடுதுறை வரும்வரை பஸ்ஸில் யோசித்தேன். இல்லை.

நிலவரம் இதுதான். கலியமூர்த்தி, மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் ஆசிரியர், வயது நாற்பத்தாறு. பகுதி நேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து எட்டு வருஷம் ஆகிறது. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது கிடையாது. ஜனவரி 31க்குள் ஆய்வுக் குழுவின் முன்னால் ஒரு கட்டுரை வாசித்து, அவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பதிவு ரத்து, எட்டு வருஷமும் தண்ணீரில் போட்ட உப்பு. குழு முழுதாகக் கூடுவது ஜனவரி 23 கருத்தரங்கில். அதைவிட்டால் வேறு நாள் இல்லை.

தலைப்பு: பால் வடியும் செடிகளின் பாலில் கனிமப் படிகங்கள். செடிகள் சுண்ணாம்புச் சத்தைத் தங்களுக்குள் பொடிப்பொடிக் கற்களாகக் கட்டிவைத்துக்கொள்ளும். கருணைக்கிழங்கு நாக்கில் அரிப்பதற்கு அந்தக் கற்கள்தான் காரணம். அது கிழங்கில், இலையில், பட்டையில். பாலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு. எருக்கு, கள்ளி, அரளி, பப்பாளி என்று நானும் எட்டு வருஷமாகப் பார்த்துவிட்டேன். சில சொட்டுகளில் பொடியாக ஏதோ தெரிந்தது. மேடத்திடம் காட்டினேன். “தூசி” என்றார்.

இன்று முதல் எங்கள் வாசல் கேட்டோரம் நிற்கும் நந்தியாவட்டை. காலை ஐந்தரைக்கு ஒரு சொட்டு, மாலை ஐந்தரைக்கு ஒரு சொட்டு. பள்ளியில் ஏலம் விட்ட நுண்ணோக்கி வீட்டில் இருக்கிறது. செத்துப்போன கால்குலேட்டரின் முகப்பிலிருந்து உரித்த, ஒளியை வடிகட்டும் இரண்டு தாள்களைக் கீழொன்று மேலொன்றாக வைத்துத் திருப்பினால் மற்றதெல்லாம் இருட்டாகி, படிகம் மட்டும் மின்னும்.

வாசல் வேலை முடித்து, கையோடு ஒரு காம்பை ஒடித்தேன். பார்த்தேன். மின்னியது. எண்ணினேன். 41.

மாலை: 0.

டிசம்பர் 17, புதன்

காலை 38. மாலை 0. காபி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது, அப்படியே குடித்தேன்.

டிசம்பர் 18, வியாழன்

காலை 44. மாலை 0. மூன்று நாளும் காலையில் இருக்கிறது, மாலையில் இல்லை. இந்தச் செடி இரவெல்லாம் கல் கட்டி, பகலெல்லாம் கரைக்கிறது!

எதிர்வீட்டுக் குஞ்சிதபாதம் வாசலில் பிடித்துக்கொண்டார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். தெருவில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை தெரிந்தாக வேண்டிய மனிதர்.

“வாத்தியாரே, வீட்டம்மா விழுப்புரத்துக்கு மாத்தலாகிப் போயும் வாசல் ஜோரா இருக்கே. யாரு கோலம் போடுறது?”

“ஆள் வச்சிருக்கு.”

“எந்த ஆளு? அஞ்சரைக்கு நான் கதவத் தொறக்குறேன். ஒரு ஈ காக்காயக் காணுமே.”

“அது அஞ்சு மணிக்கே வந்துட்டுப் போயிடும்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். இனி நாலேமுக்காலுக்கு எழ வேண்டும்.

டிசம்பர் 20, சனி

காலை 47, மாலை 0. இரவு ரயிலில் தையல் வந்தாள். தையல்நாயகி, என் மனைவி. வங்கியில் பதவி உயர்வோடு விழுப்புரம் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றல், ஆகஸ்டிலிருந்து அங்கே விடுதியில் இருக்கிறாள். சனி இரவு வந்து ஞாயிறு சாயங்காலம் போவாள். பையனும் கோயம்புத்தூரில் படிக்கிறான். அதனால் வீடு ஆய்வுக்கு மிக வசதியாக, அமைதியாக இருக்கிறது. ரொம்பவே அமைதி.

வந்ததும் வாசலைக் குனிந்து பார்த்தாள். “வளைவெல்லாம் நல்லா வருதே. என் நோட்டப் பாத்தா போடுறீங்க?”

மெதுவாகப் பேசச் சொன்னேன். குஞ்சிதபாதம் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

டிசம்பர் 21, ஞாயிறு

தையல் எழுந்து வாசலைப் பார்த்துக்கொண்டதால் எனக்குத் தூக்கம் கூடுதல். ஆறு மணிக்குச் சொட்டு எடுத்தேன்.

காலை 0. மாலை 0.

மனம் உடைந்துபோனது. தையல் தோசை ஊற்றிக்கொண்டே, “செடிக்கும் ஒரு நாள் லீவு வேணாமா?” என்றாள். அறிவியல் தெரியாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

டிசம்பர் 22, திங்கள்

காலை 52!

தையல் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஞாயிறன்று எங்கள் தெருவில் பள்ளி வேன்கள் வராது. புகை இல்லை. புகையில்லாத நாளில் செடிக்குக் கல் கட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஆக, இது தற்காப்பு. இதை நான் யோசித்தது குளிக்கும்போது. பெரிய விஷயங்கள் எனக்குக் குளிக்கும்போதுதான் தோன்றும்.

டிசம்பர் 24, புதன்

கண்ணாடிச் சில்லுகளோடு மேடத்தைப் பார்த்தேன். அரை மணி நேரம் நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். அயோடின் விட்டார். நீலம் ஆகவில்லை, ஆக மாவுச்சத்து இல்லை. அடுத்து வினிகர்.

“செடியில சாதாரணமா இருக்கிறது ஆக்சலேட். அதுன்னா வினிகருக்கு அசையாது சார். நுரைச்சா அது கார்பனேட், சுண்ணாம்புக்கல்லு.”

நுரைத்தது. ஒவ்வொரு படிகத்தின் ஓரத்திலும் குட்டிக்குட்டிக் குமிழ்கள் கிளம்பின. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன். சாதாரண ஆக்சலேட் இல்லை! பாலுக்குள் சுண்ணாம்புக்கல்!

“நல்லா இருக்கு சார்” என்றார் மேடம். “ரொம்ப நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு.”

பெரியவர்கள் சந்தோஷத்தைச் சிலசமயம் இப்படித்தான் காட்டுவார்கள். மேடம் பெரியவர் இல்லைதான், இருந்தாலும்.

டிசம்பர் 27, சனி

விடியற்காலையிலிருந்து மழை. வாசல் வேலை இல்லை. காலை 0. மழை செடியைக் கழுவிவிட்டது போலும். குறித்துக்கொள்ள வேண்டியது: ஈரம் படிகத்தைக் குறைக்கிறது.

டிசம்பர் 28, ஞாயிறு

தையல் வந்திருக்கிறாள். 0, 0. விதி மாறவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. வாசல் வேலைக்கு இன்று ஒரு மணி நேரம் பிடித்தது. இருபத்தொரு புள்ளி, ஊடுபுள்ளி, பதினொன்றில் நிறுத்தம், நடுவில் சங்கு சக்கரம். இதை இங்கே எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன்.

படிகம் 117.

ஜனவரி 1, வியாழன்

படிகம் 203! மார்கழி ஏற ஏற எண்ணிக்கையும் ஏறுகிறது. வரைபடம் போட்டுப் பார்த்தேன், மலை ஏறுவது போல இருக்கிறது. வளர்பிறை. நாளைக்கு மறுநாள் பௌர்ணமி. பனியா, நிலவா? நிலவு என்றால் வெளிநாட்டிலிருந்து கடிதம் வரும்.

குஞ்சிதபாதம் வாழ்த்துச் சொல்ல வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தாண்டி வர இடம் இல்லையாம். “வாத்தியாரே, அந்த ஆளுக்கு எவ்ளோ குடுக்குறீங்க? எங்க வீட்டுக்கும் கேட்டுச் சொல்லுங்க.” அவர் பங்குக்கு இரண்டு மைசூர்பாகு கொடுத்து வாயை அடைத்தேன்.

ஜனவரி 3, சனி

மேடம் போன் செய்தார். கருத்தரங்குக்குச் சுருக்கம் அனுப்பியாயிற்று. ஆனால் அவருக்கு ஒரு பட்டியல் வேண்டுமாம்.

“சார், காலைல எழுந்ததுலேர்ந்து சொட்டு எடுக்குற வரைக்கும் என்னென்ன பண்ணுவீங்களோ, ஒண்ணு விடாம எழுதி அனுப்புங்க. பல்லு தேய்க்கிறதுகூட.”

எழுதி அனுப்பினேன். எழுந்திருத்தல், பல் தேய்த்தல், முகம் கழுவல், பால் பாக்கெட் எடுத்தல், கதவு திறத்தல், காம்பு ஒடித்தல். பற்பசை எந்த வகை என்றுகூடக் குறிப்பிட்டேன். பற்பசையிலும் சுண்ணாம்பு இருக்கும் அல்லவா? அதற்காக இரண்டு நாள் வேப்பங்குச்சியில் தேய்த்துப் பார்ப்பதாகச் சொன்னேன். மேடத்துக்குத் திருப்தி.

ஜனவரி 6, செவ்வாய்

வேப்பங்குச்சியோடு இரண்டு நாள்: 161, 170. பற்பசை நிரபராதி. வாய்தான் கசக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள்! “அதிகாலைச் சுண்ணாம்புப் படிகங்கள்: நந்தியாவட்டைப் பாலில் ஒரு தினசரித் தாளம்.” முதல் அமர்வில் முதல் பேச்சு. குழுத் தலைவர் திருச்சியிலிருந்து வரும் பேராசிரியர் இம்மாகுலேட். மேடமே சொன்னார்: “சார், இது சரியா இருந்தா உங்க பட்டம் நிச்சயம்.” பள்ளியில் எல்லாருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். தலைமையாசிரியர் இப்போதே “டாக்டர்” என்று கூப்பிட்டார். வேண்டாம் சார் என்று ஒரே ஒரு தடவை சொன்னேன்.

ஜனவரி 10, சனி

தையல் வந்ததும் ஒரு குண்டு போட்டாள். போகியன்று தெருவில் கோலப் போட்டி. குஞ்சிதபாதம்தான் செயலாளர். அவரிடம் தொலைபேசியிலேயே பெயர் கொடுத்துவிட்டாளாம்.

“நீ அன்னிக்கு சாயங்காலந்தானே வருவ?”

“ஆமா. கோலம் காலைலதானே?”

“தையலு, அப்ப யாரு போடுறது?”

“அதான் ஆள் வச்சிருக்கீங்களே” என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள்.

என் வகுப்பு பிளஸ் டூ பையன்கள் மூன்று பேர் இந்தத் தெரு. நான் வாசலில் குந்தியிருப்பதை ஒருத்தன் பார்த்தால் போதும், மறுநாள் கரும்பலகையில் புள்ளி வைத்திருப்பார்கள்.

ஜனவரி 13, செவ்வாய்

காலை 188. மாலை 0. கடைத்தெருவில் கலர்ப்பொடி வாங்கினேன். ரோஸ், பச்சை, மஞ்சள், ஊதா. கடைக்காரரிடம் பள்ளி ஆண்டு விழாவுக்கு என்று சொன்னேன்.

ஜனவரி 14, புதன்

போகி. மூன்றரைக்கு எழுந்தேன். ஒரு பெரிய தாமரை, எட்டு மயில். மயில் கழுத்துக்கு ஊதாவும் பச்சையும் கலந்து தேய்த்தேன், நிஜ மயில் வெட்கப்படும். ஐந்து இருபதுக்கு முடித்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காம்பை ஒடித்து, சொட்டு எடுத்து உள்ளே ஓடினேன்.

படிகங்கள் ரோஸ் நிறத்தில் இருந்தன. பக்கத்தில் சில பச்சை. இரண்டு ஊதா.

என் கையைப் பார்த்தேன்.

அதே நாள், மாலை

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கோலமாவு டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை வெள்ளை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். என் சுண்ணாம்புப் படிகங்கள் கூட்டமாக மின்னின. கோலமாவு என்பது வெள்ளைக்கல்லை அரைத்த பொடி. வினிகர் விட்டேன். நுரைத்தது. நுரைக்காமல் என்ன செய்யும்?

எல்லாம் வரிசையாக விளங்கியது. ஞாயிறன்று தையல் போடுவாள், அதனால் 0. மழையன்று கோலம் இல்லை, 0. மாலையில் யார் கோலம் போடுகிறார்கள்? 0. ஏகாதசிக்குப் பெரிய கோலம், 117. நிலவாம், தற்காப்பாம்! குளிக்கும்போது தோன்றியதாம்! இத்தனைக்கும் ஒரு நாள் சோப்புப் போட்டுக் கையைக் கழுவியிருந்தால் போதும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற அவசரத்தில் கழுவவே இல்லை.

மேடம் கேட்டார். ஒன்று விடாமல் எழுதச் சொன்னார். பற்பசையின் பெயரை எழுதிய நான் இதை எழுதவில்லை.

போட்டியில் எங்கள் வாசலுக்கு முதல் பரிசு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பிள்ளையார் கோயில் வாசலில் பரிசளிப்பு. “தையல்நாயகி அம்மா” என்று குஞ்சிதபாதம் மைக்கில் கூப்பிட்டார். தையல் போய் எவர்சில்வர் குடத்தை வாங்கி, என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். கணவனை மதிக்கும் பெண் என்று தெருவே கை தட்டியது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

“இருபத்தி மூணாந்தேதி என்ன பண்ணுவீங்க?”

“தெரியல.”

“இது வேற யாருக்குத் தெரியும்?”

“ஒனக்கும் எனக்கும்.”

அவள் என் சர்க்கரைப் பொங்கலில் நெய் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வெள்ளைப் படிகங்களின் படம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, வரைபடம் இருக்கிறது. ரோஸ் படிகச் சில்லைக் கழுவிவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பொய், ஒரு நிமிஷம் இல்லை, ராத்திரி முழுக்க அதைத்தான் நினைத்தேன்.

ஜனவரி 16, வெள்ளி

சில்லைக் கழுவவில்லை. கையைக் கழுவினேன். சோப்பு இரண்டு தடவை, நகத்துக்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ். அப்புறம் சொட்டு.

மின்னல் ஒன்றும் இல்லை. கண்ணை எடுக்கப் போனேன், எடுக்கவில்லை. பழக்கம். ஐந்து நிமிஷம் கழித்து ஓரத்தில் மங்கலாக ஒன்று தெரிந்தது. கடுகில் நூறில் ஒரு பங்கு. அப்புறம் இன்னொன்று. மொத்தம் 4. 0 என்று எழுதிய நாள்களில் இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததே இல்லை. வினிகருக்கு அசையவில்லை.

மாலை: 4.

ஜனவரி 17, சனி

மேடம் வீட்டுக்கே போய்விட்டேன். ரோஸ் சில்லை நீட்டினேன். பார்த்தார்.

“என்ன சார் இது? ஹோலியா?”

சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது.

“ஒண்ணு விடாம எழுதச் சொன்னேன்ல சார்? என் பேரும் அந்தக் கட்டுரையில இருக்கு!”

“எழுதியிருக்கணும் மேடம்.”

“ஏன் எழுதல?”

“வெக்கமா இருந்துச்சு.”

மேடம் சோபாவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார். “நெலா வெளிச்சம்! நெலா வெளிச்சம்னு எனக்கு ஒரு பக்கம் மெயில் அனுப்பினீங்களே சார்!”

சிரித்து முடித்து டீ கொடுத்தார். “வழி ரெண்டுதான். கட்டுரைய வாபஸ் வாங்கலாம், பதிவு போயிடும். இல்லன்னா இதையே பேசணும்.”

“எதை?”

“கோலத்தை. எப்படித் தப்பு வந்துச்சு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க, கழுவின கையில என்ன கெடச்சுது. குழு ஏத்துக்குமான்னு என்னால சொல்ல முடியாது. சிரிச்சுட்டு அனுப்பினாலும் அனுப்பிடுவாங்க.”

முன்னூறு பேர் அரங்கில். குஞ்சிதபாதத்தின் மகள் மீனலோசனி அங்கேதான் எம்.எஸ்சி. படிக்கிறாள். மாலைக்குள் தெருவுக்குத் தெரியும், மறுநாள் பள்ளிக்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

நந்தியாவட்டை இன்று லீவு எடுக்கவில்லை. காலை 5, மாலை 4.

தையலிடம் மேடம் சொன்ன இரண்டு வழியையும் சொன்னேன். பையை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: “கோலம் போடுறது அவ்ளோ கேவலமாங்க? நான் இருவத்திரெண்டு வருஷமாப் போடுறேன்.”

பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். ரயில் ஏற்றிவிட்டு, ஸ்டேஷனிலிருந்தே மேடத்துக்குப் போன் செய்தேன். “பேசுறேன் மேடம்.”

ஜனவரி 20, செவ்வாய்

காலை 3, மாலை 4. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை கை கழுவுகிறேன். தோல் உரிகிறது.

ஜனவரி 22, வியாழன்

காலை 4, மாலை 5. கழுவிய கையோடு ஏழு நாள், பதினான்கு சொட்டு. ஒன்றில்கூட ஐந்துக்கு மேல் இல்லை, மூன்றுக்குக் கீழ் இல்லை. சட்டை தேய்த்து வைத்தேன். இஸ்திரிப் பெட்டி காலரில் கொஞ்சம் சுட்டுவிட்டது. வேறு சட்டை.

ஜனவரி 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் மலை ஏறும் வரைபடத்தைக் காட்டினேன். அரங்கத்தில் “அட” என்று சத்தம். அந்த ஒரு நொடி, அப்படியே இறங்கிப் போய்விடலாமா என்று கால் சொன்னது. அடுத்த படத்தைப் போட்டேன். ரோஸ் படிகங்கள். சத்தம் நின்றது. அதற்கு அடுத்த படம் எட்டு மயில் கோலம்.

“இது போகியன்னிக்கு எங்க வாசல். போட்டது நான். தினமும் நாந்தான் போடுறேன். கையக் கழுவாம சொட்டு எடுத்தேன். நீங்க இப்ப பாத்த வரைபடம் செடியோட கணக்கு இல்ல, என் கோலத்தோட கணக்கு.”

சிரிப்பு ஒரு மூலையில் கிளம்பி அரங்கம் முழுக்கப் பரவியது. மீனலோசனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? அப்புறம் பயம் போய்விட்டது. பதினான்கு சொட்டுகளைப் பற்றிச் சொன்னேன். மங்கலான, குட்டியான, காலையிலும் மாலையிலும் ஞாயிறிலும் மாறாத நாலைந்து படிகங்கள், வினிகருக்கு அசையாதவை. “பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. ஆனா இது செடியோடது” என்று முடித்தேன்.

பேராசிரியர் இம்மாகுலேட் மைக்கை வாங்கினார். எழுபதை நெருங்கும் வயது, குரல் மட்டும் முப்பது.

“ஞாயித்துக்கிழமை ஏன் பூஜ்யம் வந்துச்சு?”

“அன்னிக்கு என் மனைவி ஊர்ல இருப்பாங்க மேடம். அவங்க போடுவாங்க. மத்த நாள்ல விழுப்புரத்துல வேலை.”

“மத்த நாளுக்கு யாராவது ஆள் வச்சிருக்கலாமே? நீங்க ஏன் போட்டீங்க?”

அறிவியல் கேள்வி இல்லைதான். ஆனால் கேட்டது குழுத் தலைவர். நான் தயாரித்து வைத்த பதில் எதிலும் அது இல்லை.

“அவங்க இங்க இல்லைங்கிறது வாசல்ல தெரியக் கூடாதுன்னு நெனச்சேன் மேடம். காலைல கதவத் தொறக்கும்போது எனக்கே தெரியக் கூடாதுன்னு.”

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “உக்காருங்க” என்றார்.

மதியம் குழு கூடியது. நானும் மேடமும் வெளியே மரத்தடியில் நின்றோம். கதவு ஒருக்களித்திருந்ததால் எல்லாம் கேட்டது. ஓர் உறுப்பினர் விதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றார்: “புதிய கண்டுபிடிப்பு ஒண்ணு இருக்கணும்னு தெளிவாப் போட்டிருக்கு மேடம். நாலு படிகம் எப்படிப் போதும்?”

“சரி, நாலு படிகத்த விடுங்க” என்றார் இம்மாகுலேட். “செடிப்பால்ல கோலமாவ இவருக்கு முன்னாடி யாராச்சும் கண்டுபிடிச்சிருக்காங்களா?”

அந்த உறுப்பினரே முதலில் சிரித்துவிட்டார். மூன்று கையெழுத்து. ஆய்வேட்டில் கை கழுவுவது பற்றி ஓர் அத்தியாயம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. எட்டு வருஷம் பிழைத்தது. மேடம் கை கொடுத்தார். கொடுப்பதற்கு முன் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

ஜனவரி 24, சனி

தெருவுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் குஞ்சிதபாதம் நேராக வாசலுக்கே வந்தார்.

“அஞ்சு மணிக்கு வந்துட்டுப் போற ஆளு நீங்கதானா வாத்தியாரே?”

“ஆமா.”

“பரிசத் திருப்பி வாங்கணும்னு எங்க வீட்டுல ஒரே சண்டை.” கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். “அத விடுங்க. அந்த மயில் கழுத்து எப்படிப் போட்டீங்க? நான் ரெண்டு வருஷமா முயற்சி பண்றேன், வரல.”

அவரையே பார்த்தேன். அவர் திரும்பித் தன் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். மூடியிருந்தது.

ஊதாவும் பச்சையும் கலக்கும் அளவைச் சொல்லிக்கொடுத்தேன்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். வங்கி விடுமுறை என்பதால் தையல் நேற்று கிளம்பவில்லை. காலையில் வழக்கம்போல நாலேமுக்காலுக்கு எழுந்தேன். “படுங்க. வெளிச்சம் வரட்டும்” என்றாள்.

ஆறரைக்குக் கோலமாவு டப்பாவை என் கையில் கொடுத்தாள். நீ இருக்கும்போது நான் எதற்கு என்றேன்.

“நீங்க போட்டு முடிச்சதத்தான் பாத்திருக்கேன். போடுறப்ப ஒருநாள்கூடப் பாத்ததில்ல. போடுங்க.”

பள்ளி வேன் இல்லாத தெருவில் எல்லாரும் வெளியேதான் இருந்தார்கள். குஞ்சிதபாதம் நாற்காலியே போட்டுக்கொண்டார். கொடியேற்றத்துக்கு வெள்ளைச் சட்டையில் கிளம்பிய என் மூன்று பையன்களும் சைக்கிளை நிறுத்தினார்கள். நான் குந்தி உட்கார்ந்து பதினைந்து புள்ளி வைத்தேன். இருட்டில் ஒருநாளும் நடுங்காத கை வெளிச்சத்தில் நடுங்கியது. ஐந்தாவது வரிசையில் ஒரு புள்ளி தப்பிப் போய்விட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். தையல் கேட்டில் சாய்ந்துகொண்டு, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி, கோலத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்டிலிருந்து அவளை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்க்கவில்லை. தப்பிய புள்ளியை அழிக்காமல் அதையும் சுற்றிக் கோடு இழுத்தேன்.